முதுமையில் மூளை நலமும் அன்றாட நடையும்: நம் குடும்பங்கள் அறிய வேண்டியவை

"வாப்பாவுக்கு இப்போ ரொம்ப மறதி. லுஹர் தொழுதாச்சான்னு ரெண்டு தடவை கேட்டுட்டாங்க."

"வயசாயிட்டா அப்படித்தான், விடு."

நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பெரும்பாலான வீடுகளில் அந்த 'விடு' என்ற சொல்லோடு விஷயம் முடிந்துவிடுகிறது. வாப்பாவோ உம்மாவோ நாற்காலியில் உட்காரும் நேரம் கூடுகிறது, வெளியே போகும் நேரம் குறைகிறது. 'பெரியவங்க சிரமப்பட வேண்டாம்' என்று நாமும் எல்லாவற்றையும் அவர்கள் கைக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். நாம் பாசத்தால் செய்யும் இந்தக் காரியம் அவர்களின் மூளைக்கு நன்மையா, தீமையா?

கடந்த முப்பது ஆண்டுகளாக மருத்துவ ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியை விரிவாக ஆராய்ந்து வருகிறார்கள். இதயமும் நுரையீரலும் உழைக்கும்படியான நடை போன்ற பயிற்சிகள் வயதானவர்களின் மூளைக்கு என்ன செய்கின்றன, எதைச் செய்வதில்லை, நம் அன்றாட வாழ்க்கையில் அதற்கு எப்படி இடம் கொடுப்பது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

தள்ளாமையிலிருந்து பாதுகாப்புத் தேடல்

முதுமை அல்லாஹ்வின் நியதி. மனிதர்களில் சிலர், எல்லாம் அறிந்திருந்த பின் எதையும் அறியாதவர்களாகிவிடும் தள்ளாத வயதுவரை கொண்டு செல்லப்படுகிறார்கள் என்பதை அல்குர்ஆனின் அந்நஹ்ல் அத்தியாயம் 70ஆவது வசனம் நமக்கு நினைவூட்டுகிறது. நபி (ஸல்) அவர்கள் அத்தகைய தள்ளாமைக்கு ஆளாவதிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடினார்கள். ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்கள், ஆசிரியர் மாணவர்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுப்பதைப் போல அந்த துஆவைத் தம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்று புகாரீயில் பதிவாகியுள்ளது.

துஆ கேட்பவர் முயற்சியைக் கைவிடுவதில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. ஆரோக்கியமும் ஓய்வு நேரமும் மக்களில் பலர் நஷ்டமடைந்துவிடும் இரண்டு அருட்கொடைகள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். பணி ஓய்வு பெற்ற பெரியவர்களிடம் இந்த இரண்டில் ஒன்று தாராளமாக இருக்கிறது. அதைக் கொண்டு மற்றொன்றைக் காத்துக்கொள்ள முடியுமா என்பதே நம் கேள்வி.

எல்லா மறதியும் நோயல்ல

முதலில் ஒரு தெளிவு தேவை. வயது கூடக்கூட மூளையின் வேகம் சற்றுக் குறைவது இயல்பு. தெரிந்தவரின் பெயர் உடனே நாவில் வராமல் சற்று நேரம் கழித்து வரும். கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவோம். இவை நோயல்ல.

கண்ணாடி எதற்கு என்பதே தெரியாமல் போவது, நாற்பது வருடம் போய்வந்த பள்ளிவாசலிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது, பணக் கணக்கில் திடீரெனக் குழம்புவது, சற்றுமுன் சாப்பிட்டதே நினைவில்லாமல் 'யாரும் சோறு தரவில்லை' என்று கோபப்படுவது, குணமே மாறிப்போவது ஆகியவை வேறு வகை. அன்றாட வாழ்க்கையே தடுமாறும் இந்த நிலையை மருத்துவர்கள் 'டிமென்ஷியா' என்கிறார்கள். அதில் 60 முதல் 70 சதவீதம் வரை அல்ஸைமர் நோயால் வருவது. மூளையின் இரத்தக் குழாய்கள் கெடுவதால் வருவது அடுத்த முக்கிய வகை. பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகில் ஐந்தரைக் கோடிக்கும் மேற்பட்டோர் இந்த நிலையில் வாழ்கிறார்கள். ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் புதிதாகச் சேர்கிறார்கள். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், டிமென்ஷியாவுடன் இருப்பதாக 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தாரைவிடக் கிராமத்தாரிடமும் விகிதம் அதிகம்.

மறதி மிகுந்தால் முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் பக்கவிளைவு, காது சரியாகக் கேட்காமை ஆகியவையும் மறதி போலவே தோன்றும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்துவிட முடியும்.

ஏரோபிக் திறன் என்றால் என்ன?

நாம் வேகமாக நடக்கும்போது தசைகளுக்கு அதிக ஆக்சிஜன் தேவைப்படுகிறது. நுரையீரல் அதை இழுக்கிறது, இதயம் அதை இரத்தத்தின் வழியே அனுப்புகிறது, தசைகள் அதைப் பயன்படுத்துகின்றன. இந்த மூன்றும் சேர்ந்து எவ்வளவு வேலையைத் தாங்கும் என்பதே ஏரோபிக் திறன். இரண்டு மாடி ஏறியதும் ஒருவருக்கு மூச்சு வாங்குகிறது, அதே வயதுள்ள இன்னொருவர் பேசிக்கொண்டே ஏறுகிறார் என்றால், இருவருக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இதுதான்.

முப்பது வயதுக்குப் பிறகு, உட்கார்ந்தே வாழ்பவருக்கு இந்தத் திறன் பத்தாண்டுக்குச் சுமார் பத்து சதவீதம் குறைந்துகொண்டே வரும். முறையான பயிற்சியால் அந்த வீழ்ச்சியை மெதுவாக்கலாம். எழுபது வயதில் தொடங்கினாலும் ஓரளவு மீட்கலாம்.

வேகமான நடை, சைக்கிள் ஓட்டுதல், நீச்சல், மாடிப்படி ஏறுதல், தோட்ட வேலை எல்லாமே இந்த வகையில் சேரும். கடைத்தெருவில் நின்று நின்று நடப்பது நல்லதே. ஆனால் அதில் இதயத்துடிப்பு பெரிதாகக் கூடுவதில்லை. நடை போதுமான வேகத்தில் இருக்கிறதா என்று அறிய ஒரு கருவியும் வேண்டாம். பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் நீளமான ஒரு வசனத்தை ஒரே மூச்சில் ஓத முடியக்கூடாது. அதுவே மிதமான வேகம். பேசவே முடியவில்லை என்றால் வேகம் அதிகம்.

கால் நடந்தால் மூளைக்கு என்ன?

மூளையின் எடை நம் உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. இரத்த ஓட்டம் சற்றுக் குறைந்தாலும் முதலில் பாதிக்கப்படும் உறுப்புகளில் மூளையும் ஒன்று.

தொடர்ந்த ஏரோபிக் பயிற்சி பல வழிகளில் மூளைக்கு உதவுகிறது. முதலாவது, அது இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுப்பாட்டில் வைக்க உதவுகிறது. உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சத்தமில்லாமல் அரிக்கக்கூடியவை. இரண்டாவது, இரத்தக் குழாய்கள் இளகி விரியும் தன்மையைக் காக்கிறது. மூன்றாவது, மூளையில் பி.டி.என்.எஃப். எனப்படும் ஒரு புரதத்தைத் தூண்டுகிறது. நரம்பணுக்கள் பிழைத்திருக்கவும், ஒன்றோடொன்று புதிய இணைப்புகளை ஏற்படுத்தவும் இந்தப் புரதம் உரம்போல உதவுகிறது. நான்காவது, தூக்கமும் மனநிலையும் சீராகின்றன. நல்ல தூக்கம் இல்லாத மூளையில் புதிய நினைவு சரியாகப் பதிவதில்லை.

நினைவுக்கு முக்கியமான 'ஹிப்போகேம்பஸ்' என்ற பகுதி மூளையின் இரு பக்கமும் உள்ளே இருக்கிறது. நேற்று யார் வந்தார்கள், வழி எது, சாவி எங்கே என்பதையெல்லாம் பதிவுசெய்ய அது வேண்டும். முதுமையில் நோயில்லாதவர்களுக்கும் அது ஆண்டுக்கு ஒன்றிரண்டு சதவீதம் சுருங்குகிறது. அல்ஸைமர் நோயில் முதலில் தாக்கப்படும் பகுதிகளில் அதுவும் ஒன்று.

ஆய்வுகள் கண்டது என்ன?

1999இல் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழக ஆய்வாளர் ஆர்தர் கிராமரும் குழுவினரும் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உட்கார்ந்தே வாழ்ந்துவந்த, 60 முதல் 75 வயதுள்ள 124 பேர் அதில் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினர் ஆறு மாதம் நடந்தார்கள். மற்றவர்கள் தசைகளை நீட்டி வலுப்படுத்தும் பயிற்சி செய்தார்கள். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுதல், கவனச் சிதறலைத் தடுத்தல், திட்டமிடுதல் போன்ற சோதனைகளில் நடந்தவர்கள் முன்னேறியிருந்தார்கள்.

2011இல் கர்க் எரிக்சனும் குழுவினரும் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். டிமென்ஷியா இல்லாத 120 முதியவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவை வாரம் மூன்று நாள் நடக்கவைத்தார்கள். மறுபிரிவு உடலை நீட்டும் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் செய்தது. ஓராண்டுக்குப் பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனில், நீட்டல் பயிற்சி செய்தவர்களின் ஹிப்போகேம்பஸ் வழக்கம்போல ஏறத்தாழ 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது. நடந்தவர்களுக்கு அது சுமார் 2 சதவீதம் பெரிதாகியிருந்தது. முதுமை ஓரிரு ஆண்டுகளில் எடுத்துக்கொண்டதை நடை திருப்பிக் கொடுத்ததற்குச் சமம் இது. நினைவாற்றல் சோதனையில் இரு பிரிவினருமே ஓரளவு முன்னேறினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் நடந்தவர்களில் யாருக்கு ஹிப்போகேம்பஸ் அதிகம் வளர்ந்ததோ அவர்களுக்கு நினைவும் அதிகம் கூடியிருந்தது.

மூன்றாவது ஆய்வு ஸ்வீடன் நாட்டின் கோதன்பர்க் நகரிலிருந்து வந்தது. 1968இல், 38 முதல் 60 வயதுள்ள 191 பெண்களை நிலையான சைக்கிளில் களைக்கும்வரை மிதிக்கவைத்து அவர்களின் உடல்திறனை அளந்தார்கள். பிறகு 44 ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். உயர்ந்த திறன் இருந்தவர்களில் 5 சதவீதம் பேருக்கும், நடுத்தரத் திறன் இருந்தவர்களில் 25 சதவீதம் பேருக்கும், குறைந்த திறன் இருந்தவர்களில் 32 சதவீதம் பேருக்கும் டிமென்ஷியா வந்தது. 2018இல் இந்த முடிவுகள் வெளியாயின. நடுத்தர வயதில் நாம் எப்படி வாழ்கிறோம் என்பது எண்பது வயதில் தெரியவரும் என்பதற்கு இது ஒரு சான்று. இன்று நாற்பதுகளில் இருக்கும் நம் பெண்கள் கவனிக்க வேண்டிய ஆய்வு இது.

எத்தனை அடி நடக்க வேண்டும்? பிரிட்டனில் 78,000க்கும் மேற்பட்டோரின் கையில் அளவுக்கருவி கட்டிக் கணக்கெடுத்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. நாளொன்றுக்குச் சுமார் 9,800 அடி நடந்தவர்களுக்கு டிமென்ஷியா வாய்ப்பு பாதியளவாக இருந்தது. சுமார் 3,800 அடி நடந்தவர்களுக்கே அது கால் பங்கு குறைந்திருந்தது. பத்தாயிரம் அடி நடக்க முடியாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை என்பதே இதில் நமக்கான நற்செய்தி.

மிகைப்படுத்தக்கூடாத இடங்கள்

நடை எல்லா மறதியையும் விரட்டிவிடும் என்று சொன்னால் அது உண்மையாகாது. ஸ்வீடன், பிரிட்டன் ஆய்வுகள் மக்களைக் கவனித்துப் பார்த்தவை. நடப்பவர்களுக்கு நோய் குறைவு என்று அவை சொல்கின்றன. ஆனால் நோயின் ஆரம்பம் உள்ளுக்குள் இருப்பதாலேயே சிலர் நடையைக் குறைத்திருக்கலாம். எனவே காரணம் எது, விளைவு எது என்பதை இத்தகைய ஆய்வுகளால் மட்டும் முடிவுசெய்ய முடியாது.

அமெரிக்காவில் 70 முதல் 89 வயதுள்ள 1,635 பேரை இரண்டாண்டு நடக்கவைத்த ஒரு பெரிய ஆய்வு 2015இல் வெளியானது. சுகாதார வகுப்பில் மட்டும் கலந்துகொண்டவர்களோடு ஒப்பிட்டபோது, மொத்தத்தில் சிந்தனைத் திறனில் வேறுபாடு தெரியவில்லை. 80 வயதைக் கடந்தவர்களிடமும், தொடக்கத்தில் உடல் மிகவும் தளர்ந்திருந்தவர்களிடமும் மட்டும் திட்டமிடும் திறனில் நன்மை தென்பட்டது.

ஏற்கெனவே டிமென்ஷியா வந்துவிட்டவர்களைப் பற்றி 2018இல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வு வெளியானது. சுமார் 500 பேர் பங்கேற்றார்கள். பயிற்சியால் அவர்களின் உடல்திறன் கூடியது, ஆனால் மறதி வளரும் வேகம் குறையவில்லை. ஆகவே, நோய் வந்தபின் வாப்பாவைக் கட்டாயப்படுத்தி நடக்கவைத்தால் பழைய நினைவு திரும்பிவிடும் என்று எந்தக் குடும்பமும் எதிர்பார்க்க வேண்டாம். நடந்தும் திரும்பவில்லையே என்று தங்களையே குற்றம் சொல்லிக்கொள்ளவும் வேண்டாம். அவர்களுக்கும் நடை நல்லதுதான். தூக்கத்துக்கும், மலச்சிக்கலுக்கும், மன அமைதிக்கும், கால் வலு குறையாமல் இருப்பதற்கும் அது உதவும். ஆனால் அவர்களின் விருப்பத்துக்கும் வசதிக்கும் ஏற்ப, ஒருவர் துணையோடு நடக்கட்டும்.

தொழுகையே போதுமான உடற்பயிற்சி அல்லவா?

நம் மக்களிடம் அடிக்கடி எழும் கேள்வி இது. தொழுகை இபாதத். அல்லாஹ் கட்டளையிட்டான் என்பதற்காகத் தொழுகிறோம், உடற்பயிற்சிக்காக அல்ல. அதில் உடலுக்கும் நன்மை இருக்கிறது. ஒரு நாளின் 17 பர்ளு ரக்அத்துகளில் 17 ருகூஉகளும் 34 ஸஜ்தாக்களும் உள்ளன. நிலையிலிருந்து குனிவதும் தரையிலிருந்து எழுவதும் மூட்டுகளின் அசைவுக்கும் தொடைத் தசைகளுக்கும் சமநிலைக்கும் உதவுகின்றன. ஸுன்னத், நஃபில் தொழுகைகளும் சேர்ந்தால் இன்னும் நல்லது.

ஆனால் நிதானமாகத் தொழும்போது இதயத்துடிப்பு பெரிதாகக் கூடுவதில்லை. கூடவும் வேண்டியதில்லை. எனவே ஏரோபிக் திறனை வளர்க்கும் வேலையைத் தொழுகையின் மேல் சுமத்துவது சரியல்ல. அந்த வேலையைச் செய்வது தொழுகைக்காக எடுத்துவைக்கும் அடிகள்.

பனூஸலமா குலத்தார் மஸ்ஜிதுந் நபவியிலிருந்து தொலைவில் குடியிருந்தார்கள். பள்ளிக்கு அருகே இடம் காலியானபோது அங்கே குடிபெயர விரும்பினார்கள். நபி (ஸல்) அவர்கள், இருந்த இடத்திலேயே இருக்கும்படியும், அவர்களின் காலடிகள் பதிவு செய்யப்படுகின்றன என்றும் சொன்னார்கள். முஸ்லிம் நூலில் இந்த ஹதீஸ் இடம்பெற்றுள்ளது. அந்த அடிகளின் கூலி மறுமைக்கானது. அதே அடிகளால் இம்மையில் உடலும் மூளையும் பலன் பெறுவது அல்லாஹ்வின் கூடுதல் அருள்.

இங்கே ஓர் ஒழுங்கையும் நினைவில் கொள்வோம். இகாமத் கேட்டதும் ஓடாமல், அமைதியோடும் கண்ணியத்தோடும் தொழுகைக்கு வரும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியுள்ளார்கள். ஆகவே பயிற்சிக்கான வேகத்தைப் பள்ளிக்குப் போகும்போது வைத்துக்கொள்ள வேண்டாம். முன்கூட்டியே கிளம்பி நிதானமாகப் போவோம். தொழுது முடித்துத் திரும்பும்போது சுற்றுவழியாக வேகநடை போடலாம்.

எவ்வளவு, எப்படித் தொடங்குவது?

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, முதியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான ஏரோபிக் செயல்பாட்டில் ஈடுபட வேண்டும். நாளொன்றுக்கு 30 நிமிடம் என வாரம் ஐந்து நாள் நடந்தால் 150 நிமிடம் நிறைவாகிவிடும். வாரம் இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சியும், விழாமல் காக்கும் சமநிலைப் பயிற்சியோடு கூடிய அசைவுகள் மூன்று நாளும் சேர வேண்டும் என்றும் அது சொல்கிறது. அந்த அளவு முடியாதவர்கள், உடல் இடம்கொடுக்கும் அளவு செய்தாலும் பலன் உண்டு.

பல வருடம் உட்கார்ந்தே இருந்தவர் முதல் நாளே ஐந்து கிலோமீட்டர் நடந்தால், மறுநாள் முழங்கால் வீங்கிப் பயிற்சி அன்றோடு நின்றுவிடும். 2011 ஆய்வில் பின்பற்றிய முறை எளிமையானது. முதல் வாரம் ஒருநாளைக்குப் பத்து நிமிடம் மட்டும். ஒவ்வொரு வாரமும் ஐந்து நிமிடம் கூடுதல். ஏழாவது வாரத்தில் நாற்பது நிமிடம். அதன்பின் அதே அளவு. தொடக்கத்திலும் முடிவிலும் சற்று மெதுவான நடை. நாமும் இதையே பின்பற்றலாம்.

நேரத்துக்கு நாம் சிரமப்பட வேண்டியதில்லை. நம் நாளை அல்லாஹ் ஐந்து வேளையாக ஏற்கெனவே பகுத்துத் தந்திருக்கிறான். ஃபஜ்ருக்குப் பிறகு வெயில் ஏறுமுன் ஒரு நடை, அல்லது அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் ஒரு நடை என்று வைத்துக்கொண்டால் பழக்கம் தானாக நிலைத்துவிடும். முப்பது நிமிடம் ஒரே மூச்சில் முடியாதவர்கள் மூன்று பத்து நிமிடங்களாகப் பிரித்துக்கொள்ளலாம்.

உம்மாமார்களும் பாட்டிமார்களும்

பள்ளிக்குப் போய்வரும் ஆண்களுக்கு ஓரளவாவது நடை கிடைத்துவிடுகிறது. நம் பெண்களுக்கு அதுவும் கிடைப்பதில்லை. 'நாள் முழுக்க அடுப்படியில் நிற்கிறேனே, அது போதாதா?' என்று உம்மா கேட்பார். நிற்பதால் கால் வலிக்கும், ஆனால் மூச்சு வாங்காது. வீட்டு வேலை பயனுள்ளது, எனினும் அது வேகநடைக்கு ஈடாகாது.

தெருவில் தனியே நடக்கத் தயங்குபவர்கள் மொட்டைமாடியிலோ முற்றத்திலோ நடக்கலாம். அக்கம்பக்கத்துப் பெண்கள் நான்கைந்து பேர் சேர்ந்து அஸருக்குப் பிறகு நடந்தால் பேச்சுத்துணையும் கிடைக்கும். நபி (ஸல்) அவர்கள் தம் துணைவியார் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூதில் இருக்கிறது. மனைவியை அழைத்துக்கொண்டு மாலையில் நடக்க வெட்கப்படும் கணவன்மார்கள் அந்த ஸுன்னாவை நினைத்துப் பார்க்கலாம்.

முழங்கால் தேய்ந்தவர்களுக்கு நிலையான சைக்கிள் ஏற்றது. அதுவும் இல்லையென்றால் நாற்காலியில் அமர்ந்தபடி கால்களை மாறிமாறி உயர்த்தி, கைகளையும் வேகமாக அசைக்கலாம். கையால் பிடிக்காமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது தொடைத் தசைக்கு நல்ல பயிற்சி.

கவனிக்க வேண்டியவை

இதய நோய் உள்ளவர்கள், இரத்த அழுத்தம் கட்டுப்படாதவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர்கள் ஆகியோர் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டே தொடங்க வேண்டும். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், தலைச்சுற்றல், வழக்கத்துக்கு மீறிய மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவ உதவி பெற வேண்டும்.

இன்சுலின் அல்லது சர்க்கரையை வேகமாகக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நீண்டதூரம் நடக்க வேண்டாம். சட்டைப்பையில் இனிப்பு ஏதாவது இருக்கட்டும். நடந்து வந்ததும் பாதங்களைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்குக் காயம் வலிக்காமலே புண்ணாகிவிடும். நாடித்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவர்கள் துடிப்பை எண்ணி வேகத்தை முடிவுசெய்யக்கூடாது. மேலே சொன்ன பேச்சுச் சோதனையே அவர்களுக்குச் சரி.

ரப்பர் செருப்பைத் தவிர்த்து, பாதத்தைப் பிடித்து நிற்கும் காலணி அணிய வேண்டும். ஃபஜ்ர் இருட்டில் போகும் பெரியவர்களுக்குக் கைவிளக்கு கொடுப்பது நம் கடமை. ஒரே ஒரு விழுதல், இடுப்பெலும்பு முறிவு என்று ஆகிவிட்டால், நடையால் பெற்ற நன்மையெல்லாம் போய்விடும்.

ரமளானில் இஃப்தாருக்கு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து நடப்பது நல்லது. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் இஃப்தாருக்கு முந்தைய நேரத்தில் வேகமாக நடக்கக்கூடாது. உம்ரா, ஹஜ் நாடியிருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஸஃபா, மர்வாவுக்கு இடையே ஏழு முறை நடப்பது மட்டுமே சுமார் மூன்று கிலோமீட்டர். புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்பே நடைப்பயிற்சியைத் தொடங்கினால், அங்கே சக்கர நாற்காலி தேடாமல் அமல்களை நிறைவேற்ற இன்ஷா அல்லாஹ் உதவியாக இருக்கும்.

நடை மட்டும் போதாது

2024இல் 'லான்செட்' மருத்துவ இதழின் ஆய்வுக்குழு, டிமென்ஷியாவுக்கு வழிவகுக்கும், நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. உடலுழைப்பின்மை அதில் ஒன்று. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, கெட்ட கொழுப்பு, உடல் பருமன், புகைபிடித்தல், மது, காதுகேளாமை, கண்பார்வைக் குறைவு, மனச்சோர்வு, தனிமை, தலைக்காயம், காற்று மாசு, குறைந்த கல்வி ஆகியவை மற்றவை. இவை அனைத்தையும் சரிசெய்தால் உலகில் ஏறத்தாழ 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அக்குழுவின் மதிப்பீடு. மீதிப் பாதிக்கும் மேல் வயது, மரபு போன்ற நம் கையில் இல்லாத காரணங்களால் வருகிறது என்பதையும் இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

ஆகவே நடக்கிறோம் என்பதற்காக இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிடக்கூடாது. காது மந்தமான உம்மாவுக்குக் காதுக்கருவி வாங்கிக்கொடுப்பதும், கண்புரைக்குக் காலத்தில் சிகிச்சை செய்வதும், சிகரெட்டை விடுவதும் மூளையைக் காக்கும் வேலைகளே. சென்னை கிண்டியில் முதியோருக்கென்றே அரசு மருத்துவமனை இயங்குகிறது. முதியோர் உதவிக்காக 14567 என்ற கட்டணமில்லாத் தேசிய எண்ணும் இருக்கிறது.

பிள்ளைகளும் ஜமாஅத்தும் செய்யக்கூடியவை

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் போன் செய்யும்போது 'மாத்திரை சாப்பிட்டீங்களா?' என்று கேட்கிறோம். 'இன்றைக்கு நடந்தீங்களா வாப்பா? கூட யார் வந்தாங்க?' என்றும் கேட்போம். ஊரில் இருப்பவர்கள் வாரத்தில் இரண்டு நாளாவது கூடவே நடப்போம். பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் கிழவருக்கு உடற்பயிற்சியும் தனிமை நீங்குதலும் ஒருசேரக் கிடைக்கின்றன.

மஹல்லா ஜமாஅத்துகளும் யோசிக்கலாம். பள்ளிவாசல் வரும் தெருவில் குழியை மூடி விளக்குப் போடுவதும், ஒளுச் செய்யும் இடத்தில் வழுக்காத தரையும் பிடிமானக் கம்பியும் அமைப்பதும், ஃபஜ்ருக்குப் பின் பெரியவர்கள் சேர்ந்து நடக்க ஒரு குழுவை ஏற்படுத்துவதும், மாதம் ஒருமுறை இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஏற்பாடு செய்வதும் பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல.

நல்ல உடல்நிலையில் இருக்கும் வாப்பாவைப் பத்து நிமிட தூரத்தில் உள்ள பள்ளிக்கு ஒவ்வொரு வக்துக்கும் பைக்கில் கொண்டுபோய் விடும் மகனின் பாசத்தில் குறை இல்லை. ஆனால் அவரால் நடக்க முடிகிற நாள்வரை, அந்தப் பத்து நிமிடத்தை அவரிடமே விட்டுவிடுவோம். பைக்கை வீட்டில் வைத்துவிட்டுக் கூடவே நடப்போம். பெற்றோர் முதுமையடைந்தால் அவர்களைக் கடிந்து 'சீ' என்றுகூடச் சொல்லக்கூடாது என்று கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். கேட்டதையே திரும்பக் கேட்கும் நாள் அவர்களுக்கு வந்தாலும் அந்தப் பொறுமை நம்மிடம் இருக்க வேண்டும். அந்த நாளைத் தள்ளிப்போட நம்மால் ஆன முயற்சியையும் செய்ய வேண்டும்.

அல்லாஹ் நம் பெற்றோருக்கும் நமக்கும் தெளிந்த அறிவோடும் உடல் நலத்தோடும் அவனை வணங்கும் நீண்ட ஆயுளைத் தந்தருள்வானாக! தள்ளாமையின் தீங்கிலிருந்து நம் அனைவரையும் காத்தருள்வானாக! ஆமீன்.